வழக்காடும் சரணாகதி

மரணம் நேர்ந்த வீட்டில் பேசப்படும் வார்த்தைகளைச் சற்றே கூர்ந்து கவனிப்பவர்க்கு, அவற்றுள் பெரும்பாலானவை இறந்தவரையும் பற்றியவை அல்ல, அழுகிறவரையும் பற்றியவை அல்ல, பேசுகிறவர் தம் உள்ளத்தில் எழுந்த பயத்தை அடக்கிக்கொள்ளத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்பவை என்பது விளங்கும். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ கிராமம் ஒன்றில் கோயில் மணி விட்டு விட்டு ஒலித்து ஒரு சாவை அறிவித்த நாளின் மாலையில், கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள் திண்ணையிலும் முற்றத்துப் பாயிலுமாக அமர்ந்திருக்க, சுக்குக் காப்பி கைமாறி வந்துகொண்டிருக்க, உபதேசியார் அரிக்கன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு யோவான் சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தை வாசித்து முடித்த பின்பு, உள்ளே சுவரோடு சுவராகச் சாய்ந்து கிடக்கும் தாயின் முதுகைத் தடவியபடி வயது முதிர்ந்த ஒருத்தி சொல்லுவாள்: "ஆண்டவர் கொடுத்த பிள்ளையை ஆண்டவரே கூப்பிட்டுக்கொண்டார், விசுவாசி இப்படி அழலாமா? ஒப்புக்கொடுத்துவிடு, தாயே." சொல்லுகிறவள் அன்பினால்தான் சொல்லுகிறாள், தன் பிள்ளைகளில் இரண்டொருவரை மண்ணுக்குக் கொடுத்த பின்பே அவள் அந்த வார்த்தையைக் கற்றிருக்கவும் கூடும். ஆயினும் அதைக் கேட்கும் தாய்க்கு, பிள்ளையை இழந்த துக்கத்தோடு, அந்தத் துக்கத்தைத் துக்கமாக அனுபவிக்கும் உரிமையையும் இழந்துவிட்டோமோ என்ற இரண்டாவது துக்கம் ஒன்று அந்தக் கணத்தில் உண்டாகிறது.

ஒப்புக்கொடுத்தல் என்பது கண்ணீரை விழுங்கிவிடுவதுதானா? தேவசித்தத்துக்குப் பணிதல் என்பது, ஏன் என்று கேட்க எழும் நாவை அடக்கிக்கொள்வதுதானா? நம்பிக்கை என்பது நேர்ந்த நஷ்டம் நஷ்டமே அல்ல என்று மனத்தைப் பழக்கிக்கொள்ளும் ஒருவகைச் சாமர்த்தியமா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்று விடை சொல்லும் போதனை சபைகளில் வெகுகாலமாக வழங்கி வருகிறது. ஆனால் அந்தப் போதனைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வேதாகமத்தையே முதலிலிருந்து முடிவுவரை நிதானமாக வாசிப்பவன், அங்கே சரணடைந்தவர்களாகக் காட்சி தருகிறவர்களுள் பலர் அதற்கு முன்பு கடவுளோடு வழக்காடியவர்களாகவே இருப்பதைக் கண்டு வியப்படையாமல் இருக்கமாட்டான்.

யோபுவின் சரித்திரம் இதற்கு முதற்சான்று. ஒரே நாளில் ஆஸ்தி அனைத்தையும், ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் பறிகொடுத்த அந்த மனிதன், கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று முதல் அதிகாரத்தில் சொல்லிய வார்த்தை நம் துக்க வீடுகளில் ஓயாமல் எடுத்துரைக்கப்படுகிறது; மூன்றாம் அதிகாரத்தில் அவனே தான் பிறந்த நாளைச் சபித்ததையும், அதன் பின்பு முப்பது அதிகாரங்களுக்குமேல் நீளும் வாக்குவாதத்தில் கடவுளை நியாயஸ்தலத்துக்கே அழைத்ததையும் எடுத்துரைப்பவர் அரியர். அவனைத் தேற்ற வந்த நண்பர் மூவரும் முதலில் செய்தது மெச்சத்தக்கதே; ஏழு நாள் இராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்து, அவன் துக்கத்தின் கொடுமையைக் கண்டு ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். பேசத் தொடங்கியபோதுதான் அவர்கள் பிழைபட்டார்கள். அவர்கள் பேசியவை நாத்திக வார்த்தைகளோ அற்ப வார்த்தைகளோ அல்ல. கடவுள் நீதியுள்ளவர், காரணமின்றித் துன்பம் வாராது, பணிந்தவன் மீண்டும் உயர்த்தப்படுவான் என்று எந்தப் பிரசங்க பீடத்திலும் கூசாமல் சொல்லத்தக்க உபதேசங்களே அவர்கள் வாயிலிருந்து வந்தன. அப்படியிருந்தும் நூலின் இறுதியில், தம்மைக் குறித்து யோபு பேசியதுபோல நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் தீர்ப்பளிக்கிறார். யோபு அவர்களுக்காக மன்றாடினால்தான் அவர்களுக்கு மன்னிப்பு என்றும் விதிக்கிறார். கடவுளுக்காக வாதாடிய வக்கீல்கள் கண்டனத்துக்கு உள்ளாக, கடவுளை எதிர்த்து வாதாடியவன் அவர்களுக்குப் பரிந்து பேசும் ஆசாரியனாகிறான் என்னும் இந்த விபரீதத்தை, ஆறுதல் சொல்லப் புறப்படும் ஒவ்வொருவரும் வழியில் ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

சங்கீதங்கள் 150இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முறையீடுகளாகவே இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை புலம்பலில் தொடங்கித் துதியில் முடிவடைபவை என்றாலும், 88ஆம் சங்கீதம் அப்படி முடிவதில்லை. ஜெபம் கேட்கப்பட்டது என்ற அறிகுறி சிறிதும் இன்றி, இருளைப் பற்றிய பேச்சோடு அது நின்றுவிடுகிறது. பாபிலோனியரால் எருசலேம் இடிக்கப்பட்ட பின்பு எழுந்த புலம்பல் என்னும் நூலோ இன்னும் ஆராயத்தக்கது. அதன் ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும் எபிரெய மொழியின் 22 எழுத்துகளை வரிசையாக முதலெழுத்தாகக் கொண்டு அமைந்தவை. நம் ஆத்திசூடியில் அகரவரிசை நீதிகளுக்குக் கட்டுக்கோப்பாக நிற்பதைப் போல, அங்கே அது கண்ணீருக்குக் கட்டுக்கோப்பாக நிற்கிறது. பசியால் தெருவில் மயங்கி விழுந்த குழந்தைகளைக் கண்ணாரக் கண்ட ஒருவன், தன் துயரத்தை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றையும் விடாமல் சொல்லித் தீர்க்க முற்பட்டான் என்பதே அந்த அமைப்பின் கருத்தாக இருக்கலாம். நூலின் நடுவே நிற்கும் மூன்றாம் அதிகாரத்தில், காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைப் பற்றிய நம்பிக்கை எழுகிறது. ஆனால் அது எழுந்த பின்பு புலம்பல் நின்றுபோகவில்லை. நான்காம் அதிகாரம் மறுபடியும் பஞ்சத்துக்கும் சாம்பலுக்கும் திரும்புகிறது. ஐந்தாம் அதிகாரம், எங்களை அடியோடு தள்ளிவிட்டீரோ என்ற ஐயத்தில் முடிகிறது. நம்பிக்கை துக்கத்தின் இறுதிப் படியாக வரும், அதை ஏறிவிட்டால் பின்பு அழுகைக்கு இடமில்லை என்று எண்ணுபவர்கள், இந்நூலில் நம்பிக்கை துக்கத்தின் நடுவே நிற்பதையும் அதன் இரு பக்கமும் கண்ணீரே சூழ்ந்திருப்பதையும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

முறையீட்டுக்கு இத்தனை இடம் கொடுத்ததன் தாத்பரியம் என்ன? விதியை நம்புகிறவன் முறையிடுவதில்லை. விதிக்குக் காது கிடையாது. சுகதுக்கங்களில் சலனமற்றிருப்பதே ஞானம் என்று கொண்ட கிரேக்க ரோமானிய ஸ்டோயிக்கரும் முறையிடுவதில்லை. முறையிடுதல் அறிவின் தளர்ச்சி என்பது அவர்கள் சித்தாந்தம். தன்னைக் கேட்கும் ஒருவர் உண்டென்றும், அவர் நீதியும் அன்பும் உடையவரென்றும், நேர்ந்த காரியம் அந்த நீதிக்கும் அன்புக்கும் இசையவில்லை என்றும் ஒருங்கே நம்புகிறவனே முறையிடுகிறான். ஆகையால் முறையீடு விசுவாசத்தின் குறைவினால் வருவதன்று. விசுவாசம் முற்றிலும் அற்றுப்போன இடத்தில் மௌனமும் மரத்த நெஞ்சுமே மிஞ்சும். வழக்காடுகிறவன் இன்னும் சந்நிதியை விட்டு வெளியேறாதவன். அவனுடைய சரணாகதி, அவன் வழக்கு முற்றுப்பெற்ற பிறகு வரினும் வரும், வழக்கின் நடுவிலேயே வரினும் வரும். வழக்கைத் தொடங்கவே விடாமல் வாயை மூடச் செய்து பெறப்படும் பணிவுக்குச் சரணாகதி என்று பெயரிடலாகாது.

சரணாகதி என்ற தத்துவம் தமிழருக்குப் புதியதன்று. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயமா, தாய்ப் பூனை குட்டியைக் கவ்விச் செல்லும் மார்ஜார நியாயமா என்று ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் பிரபத்தியின் ஸ்வரூபத்தை நுணுகி நுணுகி ஆராய்ந்த நாடு இது. அடைக்கலம் புகும் ஜீவனுடைய நிலையையும், அடைக்கலம் அளிக்கும் ஈசுவரனுடைய கருணையையும் பற்றி அவ்வாராய்ச்சிகளில் சொல்லப்படாதது சொற்பமே. கிறிஸ்தவ விசுவாசம் இந்த விஷயத்தில் தனக்கென்று ஒன்றைச் சொல்லுகிறதென்றால், அது அடைக்கலம் அளிப்பவரே ஒருமுறை அடைக்கலம் புகுந்தார் என்பதுதான். கெத்செமனேத் தோட்டத்தில், வியாகுலத்தினால் தரையில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டுமென்று இயேசு மூன்று முறை கேட்டார். முதல் முறையே எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்துவிட்டு அவர் எழுந்துவிடவில்லை. தமக்கு வேண்டியது இன்னதென்று ஒளிவுமறைவின்றிச் சொல்லி, அதன் பின்பே தம் சித்தத்தைப் பிதாவின் சித்தத்துக்குக் கீழ்ப்படுத்தினார். கூட விழித்திருக்கும்படி அவர் வேண்டிக்கொண்ட நண்பர் மூவரும் உறங்கிப்போனார்கள், பாத்திரமும் நீங்கவில்லை. மறுநாள் சிலுவையில், 22ஆம் சங்கீதத்தின் முதல் முறையீட்டையே தம் வாய்மொழியாக்கிக்கொண்டு, கைவிடப்பட்டவரின் குரலில் அவர் கூப்பிட்டார். பெரிய வெள்ளியன்று நண்பகலில் தொடங்கும் மும்மணி ஆராதனையில் ஏழு வார்த்தைகளையும் வரிசையாகத் தியானிக்கும் சபையார், நான்காம் வார்த்தையாகிய இந்தக் கூக்குரலைத் தாண்டிய பின்பே, ஆவியை ஒப்புவிக்கும் ஏழாம் வார்த்தைக்கு வந்து சேருகிறார்கள் என்பது யோசிக்கத்தக்க கிரமம்.

இந்தக் கிரமம் மனித ஜீவியம் ஒன்றில் எப்படி நடைபெறும் என்பதற்கு ஓர் உதாரணத்தைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் களக்காட்டுக்கு அருகே உள்ள டோனாவூர், பிரஷ்ய தேசத்துப் பிரபுவான டோனா என்பவரின் பொருளுதவியால் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் உண்டாகி, அந்தப் பிரபுவின் பெயரையே தாங்கிய கிராமம். அயர்லாந்தில் 1867இல் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்து, அதன் பின்பு ஒரு தடவையேனும் தாயகம் திரும்பாத ஏமி கார்மைக்கேல் அம்மையார், தேவதாசிகளாக்கப்பட இருந்த சிறுமியரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் சேர்த்து வளர்த்தது அங்கேதான். அவருடைய ஊழியம் ஓங்கி வளர்ந்த அதே ஆண்டுகளில் இழப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நெய்யூரில் வைத்து வளர்க்கப்பட்ட கைக்குழந்தைகள் பலரைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. தமிழும் ஊழியமும் கற்பித்து வழிகாட்டியாக இருந்த தாமஸ் வாக்கர் ஐயர் 1912இல், பிரசங்கத்துக்காகச் சென்ற மசூலிப்பட்டினத்தில் திடீரென்று காலமானார். விதவையாக வந்து சேர்ந்து, குழந்தைகளுக்கெல்லாம் தாயாகவும் அம்மையாருக்கு வலக்கையாகவும் விளங்கிய பொன்னம்மாள், புற்றுநோயின் நீண்ட வேதனைக்குப் பின்பு 1915இல் மறைந்தார். இவை ஒவ்வொன்றும் ஒரு வேலையை நிறுத்திவிடப் போதுமானவை, வேலை நிற்கவில்லை.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி, களக்காட்டில் மருந்தகம் வைப்பதற்காக வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் பார்வையிடச் சென்ற அம்மையார், அந்தி மங்கிய வேளையில், இருக்கும் என்று யாரும் எதிர்பாராத இடத்தில் தோண்டப்பட்டிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு ஊழியம் செய்யத் தம்மைத் தகுதியாக்கும் எதையும் தமக்குச் செய்யும்படி அன்று காலையில்தான் அவர் ஜெபித்திருந்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் குறித்துள்ளனர். அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்து நடமாடலாம் என்று எண்ணிய வைத்தியம் பலிக்கவில்லை. 1951 ஜனவரி 18இல் உயிர் பிரியும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவர் தம் அறையிலும் கட்டிலிலுமே காலங்கழித்தார். 1948இல் மறுபடியும் விழுந்த பின்பு, அந்த அறைக்குள் நடமாடும் சிறு சுதந்தரமும் போயிற்று.

கட்டிலில் கிடந்தவருக்கு நோயாளிகளைத் தேற்றுவதற்கென்று எழுதப்பட்ட பிரசுரங்களை அன்பர்கள் அனுப்பியிருக்கிறார்கள். அவை தம்மைத் தேற்றவில்லை என்பதையும், சுகமுள்ளவர் நோயாளிக்கு எழுதும் எழுத்தில் ஏதோ ஒன்று ஒட்டாமல் நிற்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. யோபுவின் நண்பர்களிடம் இருந்த அதே குறை அது. அதை உணர்ந்தவராகவே, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக அமைந்த ஒரு நூலை 1933இல் வெளியிட்டார். அவருடைய கவிதை ஒன்றில், துயருற்ற ஒருவன் சமாதானத்தை முதலில் மறதியில் தேடுகிறான். பிறகு ஓயாத உழைப்பில் தேடுகிறான். பிறகு ஒதுங்கியிருப்பதில் தேடுகிறான். பிறகு வேறு வழியின்றித் தலைகுனிந்துவிடுவதில் தேடுகிறான். நான்கும் பொய்த்துப்போன பின்பே, நேர்ந்ததை மனமாரக் கையேந்தி வாங்கிக்கொள்ளுவதில் அதைக் கண்டடைகிறான். தலைகுனிந்துவிடுதலையும் அவர் பொய்த்த வழிகளோடு சேர்த்தது கருத்தூன்றி நோக்கத்தக்கது. அடிபட்டவன் அடித்தவனுக்கு முன் தலைகுனிவதில் அச்சம் உண்டு, உறவு இல்லை. கையேந்தி வாங்குபவனோ கொடுப்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். தம் கல்லறைமேல் நினைவுக்கல் எதுவும் நாட்டலாகாதென்று அவர் கேட்டுக்கொண்டபடியால், அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகளுக்கு நீர் வைக்கும் கல்தொட்டி ஒன்றை அங்கே அமைத்து, அதில் "அம்மா" என்று மட்டும் பொறித்தார்கள்.

இவையெல்லாம் துயரத்தைத் தாங்கமாட்டாத மனம் தனக்குத் தானே புனைந்துகொள்ளும் கற்பனை அல்லவா என்று கேட்பவர் உண்டு. சமயம் என்பது ஆசையின் விளைவான மயக்கம் என்று சிக்மண்ட் பிராய்டு 1927இல் ஒரு நூலே எழுதினார். இந்த ஆட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. துக்கத்தில் இருப்பவன் பிடித்துக்கொள்ளக் கிடைத்த எதையும் பிடித்துக்கொள்வான் என்பது பொய்யாகாது. ஆயினும் ஆசையே ஒரு மதத்தைப் படைக்குமானால், மன்றாடியவுடன் பாத்திரம் நீங்கிப்போகும் மதத்தையே படைத்திருக்கும். கடவுளின் குமாரனே கேட்டும் நீங்காத பாத்திரத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி வழிபாடு நடத்தும் மதத்தை ஏன் படைக்கவேண்டும்? இது விசுவாசம் மெய்யென்பதற்கு நிரூபணம் ஆகிவிடாது. இந்த விசுவாசம் எளிய ஆறுதலை விரும்புகிறவர்களின் மனோரதத்திலிருந்து முளைத்ததாகத் தோன்றவில்லை என்பதற்கு மட்டும் அது சாட்சியாகும்.

அப்படியானால் கிறிஸ்தவன் சொல்லும் நம்பிக்கை எத்தகையது? பெத்தானியாவில் லாசரு இறந்து நான்காம் நாள் வந்து சேர்ந்த இயேசுவிடம், அவர் முன்பே வந்திருந்தால் தம் சகோதரன் பிழைத்திருப்பான் என்று மார்த்தாளும் மரியாளும் ஒருவர் பின் ஒருவராகக் குறைப்பட்டுக்கொண்டார்கள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. சற்றுநேரத்தில் கல்லறையைத் திறக்கப்போகிறவர் என்றாலும், அங்கே போய்ச் சேரும் முன்பே அழுதார். நடக்கப்போகும் நன்மை நிச்சயமாகத் தெரிந்திருந்தும் அழுகை வீண் என்று அவருக்குத் தோன்றவில்லையென்றால், தெரியாத நம்மை அழாதே என்று தடுக்க எவருக்கு அதிகாரம் உண்டு? பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதியபோது, துக்கிக்கவே வேண்டாமென்று சொல்லவில்லை; நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாமென்றே எழுதினார். யோபுவின் கதை முடிவில் 7000 ஆடுகள் இருந்த இடத்தில் 14000 ஆடுகளும், 3000 ஒட்டகங்கள் இருந்த இடத்தில் 6000 ஒட்டகங்களுமாக ஆஸ்தி இரட்டிக்க, பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளுமாகப் பிறந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. முந்திய பிள்ளைகள் கடவுளிடத்தில் இருப்பதால், இரண்டும் சேர்ந்து இரட்டிப்பே ஆயிற்று என்று பழைய வியாக்கியானக்காரர் உரைத்தார்கள். அவ்வுரையை ஏற்காதவரும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: போன மந்தைக்குப் பதில் மந்தை வரும், போன பிள்ளைக்குப் பதிலாக வேறு பிள்ளை வருவதில்லை. உயிர்த்தெழுந்த சரீரத்திலும் ஆணிகளின் தழும்பு மறையவில்லை. சென்னைப் பட்டணத்தருகே இரத்தசாட்சியாக மரித்தாரென்று பரம்பரையாக நம்பப்படும் தோமா, அந்தத் தழும்பைக் கண்டே ஆண்டவரை அறிந்துகொண்டார். நேர்ந்ததை நேராததாக ஆக்குவதன்று இந்த நம்பிக்கை. இழந்தவரை நேசித்த நேசமும் அதற்காகச் சிந்திய கண்ணீரும் கடவுளிடத்தில் காப்பாற்றப்படுகின்றன, மரணம் அவற்றின்மேல் கடைசி வார்த்தையைச் சொல்லாது என்பதே அது.

இத்தகைய நம்பிக்கையை, துக்கத்தில் இருப்பவன் ஒருவனே தன் பலத்தால் சுமந்தாக வேண்டுமென்று சபை ஒருபோதும் எண்ணியதில்லை. அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலைப் பாடும் கீர்த்தனையைச் சபையார் பாடும்போது, முதல் வரிசையில் நிற்கும் தகப்பனின் வாய் அசைவதில்லை. அசையவேண்டுமென்று யாரும் அவனை வற்புறுத்துவதும் இல்லை. அவனால் இன்று பாடமுடியாததை மற்றவர்கள் அவனுக்காகப் பாடுகிறார்கள்; அவர்களுள் ஒருவர் வீட்டில் மணி ஒலிக்கும் நாளில், அவன் அவருக்காகப் பாடுவான். 88ஆம் சங்கீதத்தையும் புலம்பலையும் வேதத்திலிருந்து நீக்காமல் காத்துவந்த முன்னோர், பதில் கிடைக்காத ஜெபத்துக்கும் ஜெபம் என்றே பெயர் என்று தீர்மானித்துவிட்டார்கள். ஆதலின் முதுகைத் தடவியபடி மூதாட்டி சொன்ன வார்த்தையை நாம் முற்றாகத் தள்ளவேண்டியதில்லை; ஒப்புக்கொடு என்று சொல்வதற்கு முன்னால், உனக்குள் இருப்பதையெல்லாம் ஒன்றும் விடாமல் அவரிடம் கேள், அவர் முகத்தைப் பார்த்துக் கேள் என்று சொல்லி, அந்தத் தாய் கேட்டு முடிக்கும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தால் போதும். ஒப்புக்கொடுப்பது அதன் பின்பு அவளால் ஆகக்கூடிய காரியம்; ஒரே நாளில் ஆகிவிடும் காரியமும் அல்ல.